மூக்கு எப்போதும் அந்தப் பக்கம்

விமான மாடல் கட்டுகிறவர்களின் சங்கத்தில் என் வீட்டுக்காரருக்கு வைத்திருக்கும் பெயர் மில்லிமீட்டர். முதலில் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். ஒரு கண்காட்சியில் யாரோ செய்துவைத்திருந்த விமானத்தின் வாலை இவர் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டு, "அரை மில்லிமீட்டர் குட்டை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த மனிதர் அதோடு விமானத்தை விட்டுவிட்டுத் தொட்டியில் மீன் வளர்க்கப் போய்விட்டதாகக் கேள்வி.

இத்தனைக்கும் வீட்டில் எது எப்படிக் கோணினாலும் இவருக்குக் கவலை கிடையாது. சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைவீதி வரை போய் வருவார். நான் தெருமுனையில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறவள். என் கண் முதலில் போவது தோள்பட்டைத் தையலுக்கும் இரண்டு கையும் ஒரே நீளமா என்பதற்கும்தான். எனக்குப் போய் இப்படி ஒரு புருஷன். ஆனால் பின்னறைக்குள் நுழைந்துவிட்டால் ஆளே வேறு. அங்கே ஒரு ரிவெட் ஆணிப் புள்ளி தள்ளிப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காது.

காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது அவர் தொழில். நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் விமானத்துக்கு. இந்த முறை எடுத்துக்கொண்டது போர்க்காலத்துச் சண்டை விமானம் ஒன்று. ஒரே ஒருவர் உட்காரக்கூடியது, முன்னால் விசிறி, இறக்கை இரண்டிலும் துப்பாக்கிகள். முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பழைய புகைப்படங்களையும் வரைபடங்களையும் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தார். விமானி ஏறி ஏறிப் பெயிண்ட் தேய்ந்த இடம், துப்பாக்கிக்குப் பின்னால் படிந்த கரி, எல்லாம் உள்ளது உள்ளபடி வரவேண்டும். அதற்கு ஒரு வருஷமாக மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. விமானத்தின் மூக்கு எப்போதும் அந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், வால் இவர் பக்கம். மேஜையில் ஒரு மரத்தொட்டிலை ஆணி அடித்து வைத்து அதில்தான் விமானத்தை உட்காரவைப்பார். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை திருப்பவே மாட்டார். ஏதாவது ஓரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இவர்தான் தலையைச் சாய்ப்பார்.

"திருப்பி வச்சா என்ன, கடிச்சிடுமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ சட்டையைத் தைக்கும்போது எதிர்ல நிக்கறவனோட இடது கை உனக்கு எந்தப் பக்கம் தெரியும்?"

"வலது பக்கம்."

"அதேதான். படத்தை முன்னாலேர்ந்து போட்டிருப்பான். அதைப் பார்த்துக்கிட்டே செஞ்சா இடது வலதாயிடும். எல்லாரும் ஒரு தடவை மாட்டிக்குவாங்க. நானும் மாட்டினேன். இடது இறக்கை முனையில சிவப்பு விளக்கு, வலதுல பச்சை. மாத்தி ஒட்டி ஊரே சிரிச்சுது. இப்ப நான்தான் உள்ள உட்கார்ந்து ஓட்டறேன்னு வச்சுக்கோ. என் இடதுதான் அதுக்கும் இடது. குழப்பமே கிடையாது."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

எனக்கும் அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. டீயை அவருக்கு இடது கைப் பக்கம் இருக்கும் ஸ்டூலில்தான் வைக்க வேண்டும். வலது பக்கம் பெயிண்டும் தின்னரும் இருக்கும். பக்கத்தில் டம்ளர் இருந்தால் நினைவில்லாமல் பிரஷ்ஷை டீயில் முக்கிவிடுவார். ஒரு தடவை பச்சை டீயைக் குடித்தும் இருக்கிறார். அதிலிருந்து டீ இடது பக்கம். வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. பெயிண்ட் தெறிக்காமல் இருக்க அட்டைப்பெட்டியால் ஒரு கூடு செய்து அதற்குள் விமானத்தை வைத்திருந்தார். அவர் உட்காரும் பக்கம் மட்டும் திறந்திருக்கும். முடிந்த பிறகுதான் யாருக்கும் தரிசனம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், வெறும் பிளாஸ்டிக் உடம்பை ஒட்டி முடித்து ரிவெட், துப்பாக்கி, பெயிண்ட் வேலையைத் தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம் தலை கனக்கிறது என்று படுத்தார். சாயங்காலம் எழுந்து, "தின்னர் வாடைதான், ஜன்னலைத் திறக்காம விட்டுட்டேன்" என்றார். வேனை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டும் வந்தார். நானும் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரே சண்டை. வைத்த டீ வைத்தபடி ஆடை படிந்து கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு வந்து கொட்டுவேன். ராத்திரி சாப்பிடும்போது, "இந்த வீட்ல ஒரு வாய் டீக்குக்கூட வழியில்ல" என்பார். குத்திக்காட்டுகிறார் என்று எனக்கு எரியும். தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் பாதியை அப்படியே வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்பார். "முதல்ல போட்டதைத் தின்னுங்க" என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பதிலே வராது. என் தம்பி வீட்டு விஷயமாக முன்பு ஒரு மனஸ்தாபம் இருந்தது, அதை மனதில் வைத்துக்கொண்டுதான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று முடிவு கட்டினேன். ஆனால் டீ வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. குடிக்காமல் எத்தனை நாள் வீம்பு பிடிக்கிறார் பார்க்கலாம் என்று வீம்புக்கே வைத்தேன்.

சங்கத்தின் பரிசுக் கண்காட்சி அன்றைக்கு வேனில்தான் போனோம். விமானம் பெட்டிக்குள் பின் சீட்டில் இருந்தது. வேனின் இடது பக்கம் முழுக்கக் கீறல்.

"இது என்னங்க?"

"எவனோ உரசிட்டுப் போயிருக்கான். நிறுத்தி வச்ச வண்டியைக்கூட விட மாட்டேங்கறானுங்க."

நான் அவருக்கு இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு விளக்குக் கம்பம் என் கதவை நோக்கி வந்துகொண்டே இருந்தது. நான் போட்ட கூச்சலில் அவர் வண்டியை வெட்டினார். என் கதவின் பக்கக் கண்ணாடி டப்பென்று கம்பத்தில் மோதி மடங்கியது. "எதுக்கு இப்படிக் கத்தற? பதற வச்சுட்டே" என்று என்னைத் திட்டினார். பரிசுப் பதற்றம், மனிதர் நிதானத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் வரிசையாக மேஜைகள், அதன் மேல் வெள்ளைத்துணி. அவர் மேஜைக்குப் பின்னால் நின்று பெட்டியைத் திறந்தார். நான் மடங்கிய கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுக் கைகழுவி வருவதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. எட்டிப் பார்க்க முடியவில்லை. ஆனால் எல்லார் வாயிலிருந்தும் "அடேயப்பா" வந்துகொண்டிருந்தது. சண்டையெல்லாம் மறந்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சங்கத் தலைவர்தான் பரிசு முடிவு செய்கிறவர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, கண்ணும் பரிசோதிக்கிறவர். அவர் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"மில்லிமீட்டர், உங்களுக்குள்ள இப்படி ஒரு கலைஞன் ஒளிஞ்சிருப்பான்னு நான் கனவுலகூட நினைக்கல. பாதி போர்ல இருக்கு, பாதி இன்னும் தொழிற்சாலையை விட்டே வரல. என்ன யோசனைங்க இது!"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. "எது பாதி?"

"அதான், இடது பக்கத்தை அப்படியே விட்டிருக்கீங்களே."

"நான் எதையும் விடல. முழுசா முடிச்சாச்சு. ஸ்கேல் தரேன், அளந்து பாருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மில்லிமீட்டர் ஜோக் அடிக்கிறார் என்று ஒருவர் கைதட்டவும் செய்தார். நான் இரண்டு பேரை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

விமானம் ஒரு தாங்கியில் இருந்தது, வழக்கம்போல மூக்கு எங்கள் பக்கம், வால் இவர் பக்கம். வலது இறக்கை நிஜம். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகப் பெயிண்ட், கடுகைவிடச் சின்ன ரிவெட்டுகள், துப்பாக்கி வாயில் கரி, முனையில் பச்சை விளக்கு. இடது இறக்கையில் ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. சிவப்பு விளக்கு கிடையாது. வாலிலும் ஒரு பக்கம் வர்ணம், ஒரு பக்கம் மொட்டை.

அப்போதும் எனக்கு, ஏதோ புது மோஸ்தர் போல, வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. வர்ணம் முடிகிற இடத்தைப் பார்த்தேன். வேண்டுமென்று பாதியில் நிறுத்துகிறவர் டேப் ஒட்டிக் கோடு பிடித்து நிறுத்துவார். நான் துணியில் சாக்பீஸால் கோடு போடாமல் வெட்டுவேனா? இங்கே கோடே இல்லை. வர்ணம் போகப்போகத் தேய்ந்து, எங்கேயோ மறந்துபோய் நின்றிருந்தது. பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் விமானியைப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, எதிரில் வைத்து வரைந்த முகம். பார்க்கிற எனக்கு வலது பக்கம் கண், புருவம், சிவந்த கன்னம், உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. இடது பக்கம் எதுவுமே இல்லை.

என்ன என்று தெரியவில்லை. ஆனால் எந்தக் கலைஞனும் வேண்டுமென்று அப்படிச் செய்ய மாட்டான்.

"என்னங்க, இடது இறக்கைக்கு ஏன் பெயிண்ட் அடிக்கல?"

"அடிச்சிருக்கேனே. இதோ." அவர் விரல் வலது இறக்கையைக் காட்டியது.

"அது வலது. இடதைக் காட்டுங்க."

விரல் கொஞ்சம் நகர்ந்து விமானியின் தலைக்கு மேலே வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. "இதோ, ரெண்டும்தான் இருக்கு. உனக்கு என்ன ஆச்சு?"

அவர் தலையைத் திருப்பிய போது கன்னத்தைப் பார்த்தேன். காலையில் சவரம் செய்துகொண்டு வந்த மனிதர். இடது கன்னத்தில் முள் முள்ளாகத் தாடி இருந்தது. ஆடை படிந்த டீ, பாதித் தட்டு, விளக்குக் கம்பம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து என் மேல் விழுந்தன.

வேனின் கதவு இடது பக்கம்தான் இருக்கிறது. பிள்ளைகள் இடது பக்கம்தான் நிற்கும், இடது பக்கம்தான் ஓடிவந்து ஏறும். போன வாரம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குட்டிப்பெண்ணை ஏற்றாமலே வந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். "கண்ணாடிக்காரி எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு விளையாட்டு காட்டறா" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். நாளைக்குக் காலையில் அவள் அதே இடத்தில் நிற்பாள். இவர் அதே வேனை எடுத்துக்கொண்டு போவார்.

"வேன் சாவியைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நீங்க ஓட்டக் கூடாது. உங்களுக்கு இடது பக்கம் தெரியல."

அவருக்கு முகம் சிவந்தது. "ஊர் முன்னாடி என்னைக் குருடன்கறியா? அது என் பொழப்பு. போன மாசம்தான் இவரே கண்ணைப் பார்த்தார். கேளு."

"ஆமா, நான்தான் பார்த்தேன். கண்ணுல ஒரு குறையும் இல்ல..." என்று ஆரம்பித்த தலைவர் நடுவில் நிறுத்திக்கொண்டார். அவர் பார்வை விமானத்துக்கும் இவர் கன்னத்துக்குமாகப் போய்வந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இவருக்கு வலது பக்கம் உயர்த்திப் பிடித்தார்.

"இது தெரியுதா?"

"பேனா. இதுகூடத் தெரியாதா?"

பேனாவை மெல்ல மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து, அதைத் தாண்டி இடது பக்கம் நகர்த்தினார்.

"இப்ப?"

"எங்க ஒளிச்சீங்க? மேஜிக்கா காட்டறீங்க?"

பேனா இவர் கண்ணெதிரே, ஒரு முழம் தள்ளி இருந்தது. தலைவர் பேனாவைப் பைக்குள் போட்டார். அவர் என் பக்கம் திரும்பி, கிட்டத்தட்ட காதோடு சொன்னார். "இது கண்ணு இல்லம்மா. கண்ணு பார்க்குது. மூளைதான் அந்தப் பக்கத்தை எடுத்துக்க மாட்டேங்குது. ரத்தக்குழாய் அடைச்சிருக்கும். அவருக்கு ஏதோ குறையுதுன்னுகூடத் தெரியாது. வாசல்ல என் கார் இருக்கு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்."

"ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாருமா சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்கப் பார்க்கறீங்களா?" இவர் சாவி இருந்த பாக்கெட்டைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆளைப் பிடித்து இழுத்துப் பிடுங்கவா முடியும்? சொன்னால் நம்புகிற ஆளும் இல்லை. இந்த மனிதர் வாழ்நாளில் நம்பியது அளவை மட்டும்தான்.

நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு வருஷமாகத் தொடவே தொடாத விமானத்தைத் தாங்கியோடு பிடித்து, மூக்கு இவர் பக்கம் வரும்படி திருப்பிவைத்தேன்.

அவர் "ஐயோ" என்றார்.

இப்போது மொட்டை இறக்கை அவருக்கு வலது பக்கம் இருந்தது. அதையே வெறித்துப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. "யாரு... யாரு என் பெயிண்டைச் சுரண்டினது? துப்பாக்கி எங்க? இவ்வளவு நேரம் இருந்துதே. நான் பண்ணது எங்க?"

அவர் பண்ணியது எங்கேயும் போகவில்லை. அவருக்கு இடது பக்கம் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுபடி திருப்பினேன்.

"இதோ இருக்கு" என்றார், மூச்சு வாங்கியபடி.

என் கையை விலக்கிவிட்டு அவரே தாங்கியைப் பிடித்துத் திருப்பினார். வர்ணம் போயிற்று. திருப்பினார். வந்தது. மறுபடி, மறுபடி. அவர் உதடு உலர்ந்துபோயிருந்தது.

கடைசியில் மூக்கை அந்தப் பக்கமாக வைத்து நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். ஆள்காட்டி விரலை வலது இறக்கை முனையில் வைத்து, ரிவெட் வரிசையைத் தடவிக்கொண்டே வந்தார். துப்பாக்கி, காலடி பட்டுத் தேய்ந்த இடம், கண்ணாடிக் கூண்டு. விரல் கூண்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அங்கே பிளாஸ்டிக் வழவழவென்று இருந்தது. விரல் இறக்கையின் ஓரத்துக்குப் போய் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் விளிம்பை ஒரு சுற்று சுற்றி நின்றது. அந்த விரலை அவர் நம்பாமல் இருக்க முடியாது.

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "அந்தக் கண்ணாடிக்காரி... அன்னிக்கு ஒளிஞ்சுக்கலையா?"

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்கதான் நின்னிருக்கா" என்று அவரே சொன்னார். உடம்பு கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. தலைவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார், இவர் உட்காரவில்லை. பாக்கெட்டுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்தா. வாங்கிக்க."

நான் இடது பக்கம் நின்றிருந்தேன். அவர் தோளை ஒட்டி, என் கை அவர் கை மேல் பட, அவ்வளவு பக்கத்தில். அவர் சாவியை வலது பக்கம், யாருமே இல்லாத இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போன நீ? ஏன் வாங்க மாட்டேங்கற?"

நான் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றேன். சாவியை வாங்கிக்கொண்டேன். எங்கேயோ போயிருந்தவள் திரும்பி வந்ததுபோல அவர் என்னைப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தவர், பெருவிரலால் என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப டீ... நீ வச்சுக்கிட்டுத்தான் இருந்தியா?"

"ஒரு நாள்கூட விடலைங்க" என்றேன்.